ஆறு திரும்பும் ஊரில் ஒரு மார்கழி நடை

மேட்டூர் அணையிலிருந்து இறங்கும் காவிரி, பவானியில் பவானி ஆற்றைச் சேர்த்துக்கொண்டு, ஈரோட்டை ஒட்டித் தெற்குப் பக்கமாகவே ஓடி வருகிறது. கொடுமுடிக்கு வந்ததும் கிழக்கே திரும்புகிறது. அதற்குப் பிறகு அதன் போக்கு கடலை நோக்கித்தான். நொய்யல் வந்து சேரும், திருமுக்கூடலூரில் அமராவதி வந்து சேரும், முக்கொம்பும் கல்லணையும் தஞ்சை வயல்களும் அடுத்தடுத்து வரும். தஞ்சாவூர்க்காரர்களுக்குக் காவிரி மேற்கிலிருந்து வரும் ஆறு. கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அது வடக்கிலிருந்து வருவது. இந்த இரண்டும் சந்திக்கும் மூலையில், மேற்குக் கரையில், ஒரு கோயிலும் அதைச் சுற்றி ஓர் ஊரும் இருக்கின்றன.

கொடுமுடிக்கு வருகிறவர்கள் குறைவில்லை. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கார்கள் வருகின்றன. ராகு கேது தோஷம், நாக தோஷம், திருமணத் தடை என்று பரிகாரச் சீட்டு வாங்குவார்கள், ஆற்றில் முழுகுவார்கள், பூசை முடிந்ததும் அதே காரில் திரும்பிவிடுவார்கள். வந்தவர்கள் கண்ணில் ஊர் படுவதே இல்லை. அது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. ஏனென்றால் கொடுமுடி நடப்பவர்களின் ஊர். தேவாரம் பாடிய மூவரும் வந்த ஊர். பழநிக்குக் காவடி தூக்குகிறவர்கள் தண்ணீர் மொண்டு நடக்கத் தொடங்கும் ஊர். நடந்து பார்த்தால்தான் இது பிடிபடும். அதற்கு மார்கழியைப் போல வேறு மாதம் கிடையாது.

கொங்கு நாட்டுச் சமவெளியில் குளிர் என்றால் நீலகிரிக் குளிர் இல்லை. விடியற்காலையில் பதினெட்டு, இருபது டிகிரி இருக்கும். ஆனால் சித்திரை வெயிலில் காய்ந்த உடம்புக்கு அதுவே போதும். டீக்கடை வாசலில் பெரியவர்கள் தலையில் துண்டைக் கட்டி, சால்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பார்கள். ஒன்பது மணி வரைக்கும் வெயில் சுடாது. ஆற்றிலும் தண்ணீர் இருக்கும். மேட்டூர் அணையை டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கமான கணக்கு. அந்தக் கணக்கு தப்பாத ஆண்டுகளில் மார்கழி முழுவதும், தை பாதி வரைக்கும், காவிரி காவிரியாகவே ஓடும். மாசி பிறந்த பிறகு வருகிறவர்கள் பார்ப்பது மணலையும் பாறையையும்தான்.

ஈரோட்டிலிருந்து கரூர் போகும் காலைப் பயணிகள் ரயிலில் வந்தேன். சாவடிப்பாளையம், பாசூர், ஊஞ்சலூர் தாண்டிக் கொடுமுடி. 1860களில் திருச்சியிலிருந்து ஈரோட்டுக்குப் போட்ட பாதை இது. தமிழ்நாட்டின் மூத்த ரயில் பாதைகளில் ஒன்று. வலப்பக்கச் சன்னலில் உட்கார்ந்தால் தென்னந்தோப்பு, கரும்பு, மஞ்சள்; இடப்பக்கம் உட்கார்ந்தால் தோப்புகளுக்கு நடுவே அங்கங்கே ஆற்றின் பக்கமிருந்து எழும் பனி. நடைமேடையில் இறங்கி, ரயில் போன பிறகு சற்று நின்றேன். கோயிலுக்குப் போகும் முன்பே நினைத்துப் பார்க்க வேண்டிய ஒருவர் இங்கே இருக்கிறார்.

கே.பி. சுந்தராம்பாளின் பெயருக்கு முன்னால் இருக்கும் முதல் எழுத்து இந்த ஊர். இரண்டாவது அவருடைய தாயார் பாலாம்பாள். 1908-இல் இங்கே பிறந்தார். வறுமை. ஓடும் ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி அவர் என்றும், அந்தக் குரல் ரயில்வே அதிகாரியும் நாடகப் பிரியருமான நடேச ஐயர் காதில் விழுந்தது என்றும், அப்படித்தான் வேலு நாயரின் நாடகக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தார் என்றும் பரவலாகச் சொல்வார்கள். வேறு விதமாகச் சொல்கிறவர்களும் உண்டு. எப்படி இருந்தாலும் அந்தக் குரல் இந்தத் தண்டவாளத்தின் ஓரத்தில் வளர்ந்தது. ஒலிபெருக்கி இல்லாத மேடையில் கொட்டகையின் கடைசி வரிசைவரை போய் விழ வேண்டிய குரல். ரயில் சத்தத்துக்கு மேலே பாடிப் பழகிய சிறுமிக்கு அது கைவந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

கொழும்பு மேடையில் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடித்தார். பிறகு அவரையே மணந்தார். 1933 டிசம்பரில், இருபத்தேழு வயதில், கிட்டப்பா இறந்துபோனார். அதன் பிறகு சுந்தராம்பாள் வெள்ளைப் புடவையே உடுத்தினார். மேடைக்குப் போவதையே விட்டிருந்தவரைத் திரும்பவும் வரவழைக்க எத்தனையோ பேர் முயன்றார்கள். 1935-இல் வந்த ‘நந்தனார்’ படத்துக்கு அவருக்குக் கொடுக்கப்பட்ட சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் நாடே வாயைப் பிளந்த தொகை. ஆணோடு சோடி சேர்ந்து நடிக்க மனம் இல்லாமல் நந்தனாராகவே, ஆண் வேடத்தில், நடித்தார். 1951-இல் சென்னை மாநிலச் சட்ட மேலவைக்குப் போனார். இந்தியத் திரையுலகிலிருந்து சட்டமன்றத்துக்குப் போன முதல் கலைஞர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். 1953-இல் ஔவையார், 1964-இல் பூம்புகாரில் கவுந்தியடிகள், அடுத்த ஆண்டு திருவிளையாடலில் மறுபடியும் ஔவை, 1969-இல் ‘துணைவன்’ பாட்டுக்காகத் தேசிய விருது, 1970-இல் பத்மஸ்ரீ. 1980-இல் மறைந்தார்.

காந்தி ஒருமுறை கொடுமுடியில் அவர் வீட்டுக்கு வந்தபோது தங்கத் தட்டில் சாப்பாடு பரிமாறினார் என்றும், ‘சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா?’ என்று காந்தி கேட்டதும் அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டார் என்றும், அந்தத் தட்டை ஏலம் விட்டுக் கட்சி நிதியில் சேர்த்தார்கள் என்றும் இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். டீக்கடையில் கேட்டேன். கடைக்காரர் பால் ஆற்றிக்கொண்டே சொன்னார்: “எங்க அப்பாரு சொல்லுவாருங்க. அந்தம்மா கோயிலுக்கு வந்தா சன்னதியில நின்னு பாடுமாம். வெளியே தேங்கா உடைக்கிறவன்கூட உடைக்கறதை நிறுத்திப்போட்டுக் கேப்பானாம்.” அவருடைய அப்பாரு சொன்னது உண்மையா என்று சரிபார்க்க வழி இல்லை. ஆனால் ‘பழம் நீயப்பா’ கேட்டு வளர்ந்த எவருக்கும் அதை நம்புவதில் சிரமம் இருக்காது.

நிலையத்திலிருந்து ஆற்றை நோக்கி நடந்தால் கோயில் வந்துவிடும். வண்டி தேவைப்படும் தூரமே இல்லை. அந்த நேரத்தில் தெரு முழுவதும் கோலம். பச்சைச் சாணம் தெளித்த வாசலில் புள்ளி வைத்து, நடுவில் சாண உருண்டை பிடித்து அதில் பூசணிப் பூவைச் செருகியிருப்பார்கள். புதிதாகக் கட்டிய மாடி வீடுகளுக்கு நடுவில் நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடுகள் இன்னும் நிற்கின்றன. திண்ணையில் மரத்தூண், வாசலுக்கு மேலே போன பொங்கலுக்குச் செருகிய காப்பு காய்ந்து கிடக்கிறது. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டி வீடு, காடு, தொழுவம் எல்லாவற்றிலும் வைப்பதைக் கொங்கில் காப்புக்கட்டு என்பார்கள். இன்னும் சில நாளில் பழையதை எடுத்துவிட்டுப் புதியது வைப்பார்கள். மற்ற நாளில் யாரும் கண்டுகொள்ளாத பூளைச் செடி அன்றைக்கு மட்டும் சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும்.

கோயில் வாசலில் பூ விற்ற அம்மா கேட்டார்: “தனியாவா வந்தீங்க கண்ணு? பரிகாரமுங்களா?”

“இல்லீங்க அம்மா, சும்மா ஊர் பாக்க வந்தேன்.”

“ஊர்ல என்ன இருக்குது? கோயில்தான் இருக்குது. ஆறு இருக்குது.” கொஞ்சம் யோசித்தவர், “ரெண்டும் இருந்தாப் போதுமுங்களே” என்று துளசியும் அரளியும் கட்டிக் கொடுத்தார்.

மகுடேசுவரர் கோயிலுக்குக் கிழக்குப் பக்கம் மூன்று வாசல்கள். உள்ளே போனால் ஒரே மதிலுக்குள் சிவனும் அம்மனும் பெருமாளும் பிரம்மாவும். சிவன் மகுடேசுவரர், கொடுமுடிநாதர்; அம்மன் வடிவுடைநாயகி, பண்மொழிநாயகி; பெருமாள் வீரநாராயணர். மும்மூர்த்திகளும் ஒரே வளாகத்தில் என்பதைத்தான் ஊர்க்காரர்கள் முதலில் சொல்கிறார்கள். மார்கழியில் இதற்கு ஒரு தனி அழகு உண்டு. ஒரு பக்கம் திருவெம்பாவை, இன்னொரு பக்கம் திருப்பாவை. இரண்டுக்கும் நடுவில் நின்றால் இரண்டும் காதில் விழும். வைகுண்ட ஏகாதசியும் ஆருத்ரா தரிசனமும் ஒரே மாதத்தில், ஒரே மதிலுக்குள். சைவ வைணவச் சண்டைகளைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறோம். இந்த முற்றத்தில் ஒரு பாட்டி சிவன் சன்னதியில் வாங்கிய திருநீற்றை நெற்றியில் வைத்துக்கொண்டே பெருமாள் சன்னதியில் துளசித் தீர்த்தத்துக்குக் கை நீட்டினார். மக்கள் என்றைக்கோ தீர்த்துவிட்ட வழக்கு அது.

பிரம்மா வன்னி மரத்தடியில் இருக்கிறார். சிலைக்கு மூன்று முகங்கள்தான். நான்காவது முகம் அந்த மரமே என்பார்கள். மரத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் வயது என்று கோயிலில் சொல்கிறார்கள். பூக்காது, காய்க்காது என்பதும், ஒரு பக்கம் முள் உண்டு மறுபக்கம் இல்லை என்பதும் அவர்கள் சொல்வதே. வயதைக் கணக்கிட நான் மரவியல் படித்தவன் இல்லை. ஆனால் உள்கூடு போன, முடிச்சு முடிச்சாக முறுக்கேறிய அந்த அடிமரத்தைப் பார்த்தால், இங்கே இருக்கும் எந்தக் கல் தூணுக்கும் குறையாத மூப்பு தெரிகிறது. வன்னி வறண்ட நிலத்து மரம். ராஜஸ்தான் பாலைவனத்தில் அதைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். காவிரிக்கரையில், இத்தனை ஈரத்தில், அது கோயில் மரமாக நிற்பது கொங்கு நாட்டின் பழைய நிலத்தைக் காட்டுகிறது. ஆற்றை விட்டு நாலு கல் மேற்கே போனால் மேய்ச்சல் காடும் வேலமரமும் வெள்ளாடும்தான். ஆறும் மேய்ச்சலும் ஒட்டிக் கிடக்கும் நாடு இது.

கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் ஏழு. அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, வெஞ்சமாங்கூடலூர், கரூர், கொடுமுடி. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் கொடுமுடியைப் பாடியிருக்கிறார்கள். சுந்தரர் பதிகத்தில் இந்த இடம் கறையூர்ப் பாண்டிக்கொடுமுடி. நமச்சிவாயத் திருப்பதிகம் என்று அதற்குப் பெயர். உன்னை நான் மறந்தாலும் என் நாக்கு மறக்காமல் ஐந்தெழுத்தைச் சொல்லும் என்கிறார். சுந்தரர் மற்ற தலங்களில் பொன் கேட்டார், நெல் கேட்டார், கண் கேட்டுச் சண்டையும் போட்டார். இங்கே எதுவும் கேட்கவில்லை. பரிகாரச் சீட்டுக்கு வரிசையில் நிற்கிறவர்களுக்கு இந்த ஒரு செய்தியை யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

மேருமலையிலிருந்து சிதறிய ஐந்து மணிகளில் வைரம் விழுந்த இடம் கொடுமுடி என்பது தலபுராணம். ஆதிசேடனும் வாயுவும் போட்ட போட்டியில் மலை உடைந்தது. மற்ற மணிகள் திருவண்ணாமலை, ஈங்கோய்மலை, ஐயர்மலை, பொதிகை என்று போய் விழுந்தன. இந்தக் கதை எல்லா வழிகாட்டி நூலிலும் இருக்கிறது. என்னை அதிகம் ஈர்ப்பது செப்பேட்டில் இருக்கும் செய்தி. எட்டாம் நூற்றாண்டில் நெடுஞ்சடையன் பராந்தகன் என்ற பாண்டியன் வெளியிட்ட வேள்விக்குடிச் செப்பேடுகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவனுடைய தந்தை ராசசிம்மன் காவிரியைக் கடந்து மழகொங்கத்தை வென்றான். பாண்டிக்கொடுமுடிக்கு வந்து பசுபதியின் அடியில் விழுந்தான். பொற்குவியலும் ஒளிவிடும் மணிகளும் கொடுத்தான் என்று அதில் எழுதியிருக்கிறது.

மதுரை எங்கே, கொடுமுடி எங்கே! படையோடு வந்த ஒருவன், வென்ற கையோடு, ஆற்றங்கரையில் இருந்த இந்தச் சிறிய லிங்கத்தின் முன்னால் விழுந்திருக்கிறான். ஊரின் பெயரில் பாண்டியன் இருப்பதற்கு மலையத்துவச பாண்டியனின் கதை ஒன்றும் உண்டு. அந்தச் செப்பேட்டு வரி போதும் எனக்கு. போரில் சேர்த்த பொன் இங்கே இறங்கியது என்றால், அந்தக் காலத்திலேயே இது மூன்று நாட்டாரும் மதித்த எல்லைக் கோயிலாக இருந்திருக்க வேண்டும். வடக்கே மழகொங்கம், கிழக்கே சோழநாடு, தெற்கிலிருந்து வரும் பாண்டியன். ஆறு திரும்பும் மூலையில் எல்லோருடைய வழியும் வந்து முட்டியது.

கோயிலை விட்டு வந்தால் படித்துறை. நான் போனபோது பனி விலகத் தொடங்கியிருந்தது. அக்கரை நாமக்கல் மாவட்டம், பரமத்தி வேலூர்ப் பக்கம். வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் நிறைந்த கரை. தண்ணீர் நிதானமாகத்தான் போகிறது. மேலே பாசூர் வரைக்கும் கதவணை கதவணையாகக் கட்டி மின்சாரம் எடுக்கிறார்கள். அதனால் ஆற்றுக்குப் பழைய வேகம் இல்லை என்று பரிசல்காரர் சொன்னார். “முன்னெல்லாம் ஆடியில இந்தப் படி ஒண்ணும் தெரியாதுங்க. இப்ப வெள்ளத்துக்கும் டைம் டேபிள் போட்டாப்பல ஆயிப்போச்சு.” ஆடிப்பெருக்கு அன்றைக்கு இந்தப் படியில் நிற்க இடம் கிடைக்காது. புதுமணத் தம்பதிகள் தாலிக்கயிறு மாற்றுவார்கள். முளைப்பாரியை ஆற்றில் விடுவார்கள். மார்கழியில் அந்தக் கூட்டம் இல்லை. தை அமாவாசைக்குத் திதி கொடுக்க வருகிறவர்கள் வரும்வரை படித்துறை ஊராருக்கே உரியது.

படித்துறையில் ஒன்றைப் பார்த்து மனம் நொந்தது. பரிகாரம் செய்கிறவர்கள் உடுத்திய துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். வேட்டி, சேலை, சட்டை, உள்ளாடை. படியின் ஓரத்தில் அவை பாசியோடு பின்னிக் கிடந்தன. பாலியெஸ்டர் துணி மக்காது. தோஷம் துணியோடு போகும் என்று எந்தச் சாத்திரத்தில் இருக்கிறதோ தெரியாது. எந்தப் பதிகத்திலும் இல்லை.

இதே படித்துறையில்தான் கொங்கு நாட்டின் இன்னொரு பெரிய வழக்கமும் தொடங்குகிறது. மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா, சாட்டினால், சுற்று வட்டாரத்து ஊர்க்காரர்கள் குடத்தோடு கொடுமுடிக்கு வருவார்கள். காவிரியில் குளித்து, தீர்த்தம் மொண்டு, பறையும் உறுமியும் முழங்க ஊருக்குப் போவார்கள். பங்குனி உத்திரத்துக்குப் பழநிக்குப் போகும் தீர்த்தக் காவடியும் இங்கிருந்துதான். வெள்ளகோவில், தாராபுரம் வழியாகப் பல ஊர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் நடக்கிறார்கள். பங்குனி வெயில், காலில் செருப்பு கிடையாது. தோளில் காவடி, அதில் மூங்கில் தண்டின் இரு முனையிலும் கலயம், கலயத்தில் காவிரித் தண்ணீர். அதில் கோயில் வன்னி இலையைப் போட்டால் தண்ணீர் கெடாது என்பது நம்பிக்கை. பங்குனியில் பழநிமலை முருகனுக்குக் கொடுமுடித் தண்ணீரில் அபிஷேகம் நடக்கும்போது, காவிரி இல்லாத ஊருக்குக் காவிரியையே தோளில் தூக்கிப் போகிறார்கள் இவர்கள். மேற்கே போகப் போக வறண்டு கிடக்கும் நாட்டில், தண்ணீரை மதிக்க இதைவிட வேறு என்ன வழி இருக்கிறது?

அந்தக் காவடித் தடத்திலேயே கொஞ்ச தூரம் போகலாம் என்று மேற்கே நடந்தேன். ஊருக்கு வெளியே வந்ததும் காலிங்கராயன் வாய்க்கால்.

இந்த வாய்க்காலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கொங்கு விவசாயிகளின் முகமே மாறிவிடும். பவானி நகருக்கு அருகில், பவானி ஆறு காவிரியில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே அணை கட்டி, அங்கிருந்து வெட்டிக்கொண்டு வந்தது. ஈரோட்டைத் தாண்டி, வளைந்து வளைந்து, கொடுமுடிக்குத் தெற்கே ஆவுடையார்பாறைக்கு அருகில் நொய்யலில் போய்ச் சேர்கிறது. நீளம் சுமார் 90 கிலோமீட்டர். 1271-இல் தொடங்கி 1283-இல் முடித்ததாகச் சொல்வார்கள். வெட்டியவர் வெள்ளோட்டைச் சேர்ந்த தலைவர் காலிங்கராயன். ஏறத்தாழ 15,700 ஏக்கர் இன்றைக்கும் இதை நம்பி விளைகிறது. எழுநூற்றைம்பது ஆண்டுகளாக ஓடும் தண்ணீர்.

வாய்க்கால் நேராக ஓடாததற்கு ஒரு கதை சொல்வார்கள். பாம்பு ஊர்ந்து காட்டிய வழியில் வெட்டினாராம். கரையில் நடக்கும்போது அந்தக் கதை எதைச் சொல்கிறது என்று புரிகிறது. நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டு, மட்டம் தவறாமல், மேட்டை ஒட்டியே தண்ணீரைக் கொண்டு வந்திருக்கிறார்கள். ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் ஆறு, நடுவில் இறங்குமுகமான வயல். மோட்டார் இல்லை, ஏற்றம் இல்லை. மடையைத் திறந்தால் தண்ணீர் தானே இறங்கும். வளைந்தால்தான் மட்டம் நிற்கும். நேராக வெட்டியிருந்தால் தண்ணீர் பள்ளம் பார்த்து ஆற்றுக்கே ஓடியிருக்கும்.

இன்னொரு கதையும் உண்டு. உறவினர் வீட்டு விருந்தில், வெள்ளோட்டுக்காரர்கள் கம்பும் சோளமும் தின்கிறவர்கள், அவர்களுக்குப் பழைய அரிசி புதிய அரிசி பேதம் என்ன தெரியும் என்று சமையற்காரன் சொல்லிவிட்டானாம். அந்தச் சொல் தைத்துத்தான் நெல் விளையும் வாய்க்காலைக் கொண்டு வந்தார் என்பார்கள். வெட்டி முடித்த பிறகு, தன் சொந்த நலத்துக்காக வெட்டினான் என்ற பேச்சு வரக் கூடாது என்று, நானும் என் வம்சத்தாரும் இந்தத் தண்ணீரைத் தொட மாட்டோம் என்று சபதம் செய்து, பொள்ளாச்சிப் பக்கம் ஊற்றுக்குளிக்குப் போய்விட்டார் என்பது மரபு. தை 5-ஆம் நாளைக் காலிங்கராயன் தினமாகக் கொண்டாடுகிறார்கள். பொங்கல் முடிந்த கையோடு வரும் நாள். இதில் நான் மிகவும் மதிப்பது கடைசிக் கதையை. வரலாற்று ஆதாரம் இருக்கிறதா என்பது வேறு. எழுநூறு ஆண்டுகளாக மக்கள் தங்கள் தலைவர்களிடம் எதை எதிர்பார்த்தார்கள் என்பதற்கு அந்தக் கதையே ஆதாரம்.

வாய்க்காலுக்கும் துன்பம் வந்திருக்கிறது. ஈரோட்டைச் சுற்றிய சாயப்பட்டறை, தோல் தொழிற்சாலைக் கழிவுகளைப் பற்றி விவசாயிகள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். வாய்க்கால் போய்ச் சேரும் நொய்யலின் கதை இன்னும் கொடியது. பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவைத் தேக்கும் குளமாகிப் போனதும், 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் எல்லோரும் அறிந்தது. அந்த நொய்யல், கொடுமுடிக்குக் கீழே, காவிரியில்தான் கலக்கிறது.

வாய்க்கால் கரையில் மஞ்சள் இலை பழுக்கத் தொடங்கியிருந்தது. தை பிறந்தால் வெட்டு. கரும்புக் காட்டுக்கு நடுவில் புகை தெரிந்த இடத்தை நோக்கிப் போனேன். ஆலைக்கொட்டகை. சாறு பிழிந்த சக்கையையே காயவைத்து அடுப்பெரிக்கிறார்கள். அகலக் கொப்பரையில் சாறு கொதிக்கிறது. சுண்ணாம்பு போட்டு, மேலே நுரைத்து வரும் அழுக்கை வாரி எறிகிறார்கள். பதம் பார்க்கிறவர் ஒருவர்தான். மற்றவர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கை காட்டியதும் நாலு பேர் சேர்ந்து கொப்பரையைச் சாய்த்தார்கள். “இருங்க, சூடா ஒரு வாய் சாப்பிட்டுப்போட்டுப் போங்க” என்று வாழையிலைத் துண்டில் இளம்பாகு வைத்துக் கொடுத்தார் அந்தப் பெரியவர். குளிருக்கு இதமாக இருந்தது. பொங்கலுக்கு அச்சு வெல்லம் நிறையப் போகுமாம். இந்தப் பக்கம் தென்னையும் நிறைய. சாலைப்புதூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் தேங்காயும் கொப்பரையும் எள்ளும் ஏலம் போகின்றன. கொடுமுடி என்றால் பரிகாரம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஏலக் கூடம் கண்ணில் படாது. ஊர் பிழைப்பது இதில்தான்.

மாலை ரயிலுக்கு நேரம் இருந்தால் அடுத்த நிலையமான புகளூர் வரை போய் வரலாம். வேலாயுதம்பாளையத்தில் ஆறுநாட்டார் மலை. குகையில் சமண முனிவர்களுக்கு வெட்டிய கற்படுக்கைகள். யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்ற முனிவருக்காக வெட்டியதாகத் தமிழ் பிராமியில் எழுதியிருக்கிறார்கள். செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறைச் சேரர்களின் பெயர் அந்தக் கல்வெட்டில் இருக்கிறது. சங்கப் பாடல்களில் மட்டுமே கேட்ட அரசர்கள் கல்லில் எழுத்தாக இருக்கும் இடம் இது. மேற்கே நொய்யல் கரையில் கொடுமணல். அங்கே அகழாய்வில் மணிகள் செய்த பட்டறைகளும் இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்தன. மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த வணிகர்கள் கொடுமணல், கரூர் என்று கிழக்கே போன பாதையில்தான் இந்த ஊர்கள் எல்லாம் இருக்கின்றன. மூன்று ஆறுகளும் ஒரு பெருவழியும் நெருங்கி வரும் இந்தச் சின்ன வட்டத்துக்குள், கொங்கு நாட்டின் பழைய சரித்திரத்தில் பாதி அடங்கிவிடும்.

மார்கழியிலோ தையிலோ கொடுமுடிக்கு வாருங்கள். ரயிலில் வாருங்கள், நிலையத்திலிருந்து நடந்தே ஆற்றுக்குப் போங்கள். சாமி கும்பிட்ட பிறகு வாய்க்கால் கரைவரைக்கும் ஒரு நடை போய்ப் பாருங்கள். பரிகாரம் செய்ய வந்தவர்களாக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் குளித்த துணியைப் பிழிந்து பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள், ஆற்றில் விடாதீர்கள். பங்குனியில் பழநிக்குக் காவடி தூக்குகிறவர்கள் கலயத்தில் மொள்ளுவது இதே படித்துறைத் தண்ணீரைத்தான்.